மூன்றாவது பாட்டின் இரண்டாவது சரணம்

பெட்டி வந்தது ஒரு சனிக்கிழமை காலையில். தகரப் பெட்டி. மூடியில் எங்கள் பாட்டுக்காரனின் இளவயதுப் படம். மீசை முளைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வயதில், மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் கிட்டாரோடு உட்கார்ந்திருக்கிறான். உள்ளே ஒரு பென் டிரைவ், பாட்டு வரிகள் அச்சடித்த சின்னப் புத்தகம் ஒன்று. அவன் தானே எழுதித் தானே மெட்டுப் போட்டுப் பாடிய முதல் மூன்று கெசட்டுகளையும் கொழும்பில் ஒரு கம்பனி எடுத்து, ஒலியைச் சுத்தம் செய்து, ஒன்றாகத் தொகுத்து மறுபடி வெளியிட்டிருந்தது. பழைய பாட்டைத் திரும்பத் திரும்பச் சட்டை மாற்றி விற்கிற வேலை எனக்கு எப்போதுமே பிடிக்காது. முன்பும் இரண்டு தடவை 'தேர்ந்தெடுத்த பாடல்கள்' என்று சீடீ போட்டார்கள். அவன் பெரிய ஆளான பிறகு பாடியவைதான் அவற்றில் இருந்தன. முதல் கெசட் முழுசாக வருவது இப்போதுதான். அதனால் மூன்று வாரமாக வெட்கத்தை விட்டுத் தபால்காரனின் சைக்கிள் சத்தத்துக்குக் காத்துக் கிடந்தேன்.

எனக்கு வேண்டியிருந்தது அதில் ஒரே ஒரு பாட்டு. அதிலும் ஒரே ஒரு சரணம். முதல் கெசட்டின் மூன்றாவது பாட்டில் இரண்டாவது சரணத்தை என் மனைவி பாடியிருக்கிறாள். அவள் வாழ்க்கையில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போனது அந்த ஒரு நாள்தான். போன வருஷம் பேராதனை ஆஸ்பத்திரியில் அவளுடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். புற்றுக் கட்டி, வேறு வழி இல்லை. இப்போது கழுத்தில் ஒரு துளை இருக்கிறது. மூச்சு அதன் வழியாகத்தான். அதன் மேல் மெல்லிய துணியொன்றைக் கட்டிக்கொள்வாள். பேச வேண்டியதைக் கொப்பியில் எழுதிக் காட்டுவாள். எண்பது பக்கக் கொப்பி மூன்று வாரத்துக்கு வரும். எனக்குப் புத்தி சொல்ல வேண்டியிருக்கிற வாரங்களில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அவள் பேசிய குரல் போனில் கொஞ்சம் இருக்கிறது. 'வரும்போது தேங்காய் வாங்கிட்டு வாங்க', 'எங்க நிக்கிறீங்க, மழை வருது' என்று அனுப்பிய சில்லறைச் செய்திகள். எல்லாம் கட்டி வளர்ந்த பிறகு பேசியவை. கரகரத்த, பாதி காற்றான குரல். அதற்கு முந்திய குரலை நான் மறந்துகொண்டிருந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் ஒரே கூரைக்குள் கேட்ட குரல் ஒரு வருஷத்தில் மறந்துபோகுமா என்று கேட்பீர்கள். போகிறது. காலையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு உட்கார்ந்து அவள் என்னைக் கூப்பிடுகிற மாதிரி மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். சொற்கள் வரும், குரல் வராது. அந்த நேரங்களில் எனக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருக்கும்.

எங்கள் மகளுக்கோ மறக்கக்கூட அம்மாவின் பாட்டு இல்லை, பாவம். அவள் தன் அம்மா பாடிக் கேட்டதே கிடையாது. தாலாட்டுக்கூட இல்லை. பல்லேகலவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறாள். பெட்டி வந்த அன்று லீவு. அவள்தான் பென் டிரைவைத் தொலைக்காட்சியில் செருகினாள். என் மனைவியைக் கதிரையில் உட்காரவைத்தோம். வேண்டாம் என்று முதலில் கையை ஆட்டினாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மூன்றாவது பாட்டு வந்தது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போகிறவன் பஸ்ஸில் இருந்து பாடுகிற பாட்டு. முதல் சரணம் அவனுடையது. இரண்டாவது, மலையில் கொழுந்து கிள்ளிக்கொண்டு நிற்கிற பெண் அந்தப் பஸ்ஸைப் பார்த்துப் பாடுவது. மூன்றாவது மறுபடி அவன். கிட்டாரும் சர்ப்பினா என்கிற ஆர்மோனியமும் அவ்வளவு துப்புரவாகக் கேட்டன, நேற்றுப் பதிந்த மாதிரி. முதல் சரணம் முடிந்தது. இடையிசை வந்தது. நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன். இடையிசை முடிந்து மூன்றாவது சரணம் தொடங்கிவிட்டது.

மகள் பாட்டைப் பின்னால் நகர்த்தி மறுபடி போட்டாள். அதேதான். ஒட்டுப் போட்ட இடம் தெரியவில்லை, அவ்வளவு நேர்த்தி. புத்தகத்தைப் புரட்டினாள். அதிலும் அந்த நாலு வரி இல்லை. "அப்பா, அம்மா பாடுனது எங்கப்பா?" என்றாள். என் மனைவி எழுந்து குசினிக்குப் போனாள். சற்று நேரத்தில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது.

அந்தச் சரணம் ஏன் இல்லை என்று உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். என் தலையில் நானே அள்ளிப் போட்டுக்கொண்ட மண் அது.

அந்தக் காலத்தில் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, ஒரு மாடிப்படிக்குக் கீழே, நான் ரெக்கோடிங் பார் வைத்திருந்தேன். வெற்றுக் கெசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். மதுபானம் ஒன்றும் கிடையாது. பெற்றோர்கள் மட்டும் சந்தேகப்படுவார்கள். பாட்டுக்காரனும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவனுடைய முதல் கெசட்டை வெளியிட யாரும் முன்வராதபோது நான்தான் முன்வந்தேன். பெண் குரலுக்கு ஏற்பாடு செய்திருந்த பாடகி கடைசி நேரத்தில் வரவில்லை. எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். என் மனைவி மாதா கோயில் பாடற்குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். அவளைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஒரே தடவையில் பாடி முடித்தாள். ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

இனிமேல்தான் என் கெட்டிக்காரத்தனம். ஒருவன் புதுப் பாட்டு கொண்டுவந்தால் மறுநாளே பக்கத்துக் கடைக்காரன் ஒரு கெசட்டை வாங்கி அதிலிருந்து நூறு பிரதி எடுத்துவிடுவான். அதைத் தடுக்க எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மைக்கில் கடைப் பெயரைச் சொல்லி அதன் மேலேயே பதிந்துவிடுவது. தொடக்கத்தில் சொன்னால் திருடுகிறவன் வெட்டிவிடுவான். முடிவில் சொன்னாலும் வெட்டிவிடுவான். ஆகவே நடுவில், வெட்டினால் பாட்டே நாசமாகிற இடமாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் கெசட் முழுவதையும் மூன்று நாள் கேட்டு, ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். என் மனைவி பாடிய சரணம். வானொலி அறிவிப்பாளர் மாதிரி குரலைத் தாழ்த்தி, கடைப் பெயர், தெருப் பெயர், 'தரமான ஒலிப்பதிவுக்கு நாடுங்கள்', அடுத்து வரப்போகும் கெசட்டுக்கு ஒரு விளம்பரம் என்று நீட்டி முழக்கினேன். நாலு வரியும் என் குரலுக்கு அடியில் போய்விட்டது. இடையில் எங்கேயோ தூரத்தில் ஒரு பெண் பாடுவது கேட்கும், என்ன பாடுகிறாள் என்று புரியாது. அதைத்தான் தாய்க் கெசட்டாக வைத்து ஆயிரக்கணக்கில் பிரதி எடுத்தேன். மலையில் எந்த லயத்தில், எந்தக் கல்யாண வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டாலும் அந்த இடத்தில் நான்தான் பேசுவேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தான் மட்டும் கெட்டது. நான் இன்னொருத்தியையும் சேர்த்துக் கெடுத்தேன்.

அப்போது எனக்கு அது ஒரு தப்பாகவே படவில்லை. முதல் பிரதியைக் கடையிலேயே அவளுக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டாள். "உங்க குரல் நல்லா விழுந்திருக்கு" என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தேன். சில மாதத்தில் பாடற்குழுவுக்குப் போவதை விட்டாள். பிறகு மகள் பிறந்தாள். ஏன் பாடுவதில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் 'பிள்ளையோட நேரமில்ல' என்று நானே பதில் சொன்னேன். அவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பெட்டியில் அச்சடித்திருந்த தொலைபேசி எண்ணுக்குத் திங்கட்கிழமை எடுத்தேன். பேசியவர் மரியாதையான ஆள். "அந்தச் சரணமா ஐயா? அதுல ஒரு விளம்பரம் வருது. யாரோ ஒரு கடைக்காரர் பாட்டுக்கு மேலயே பேசுறாரு. எங்களுக்குக் கிடைச்ச எல்லாக் கெசட்லயும் அதே. என்ன செஞ்சும் அந்தாளப் பிரிச்செடுக்க முடியல. அதனால வெட்டிட்டோம்" என்றார். பிறகு அவராகவே, "நல்ல பாட்டு ஐயா. அந்தாள் நாசமாக்கிட்டான்" என்றார். ஆமாம் என்றேன். அந்தாள் யாரென்று சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது, அதை இன்னொருவன் வாயால் கேட்க.

பாட்டுக்காரனுக்கு எடுத்தேன். அவன் இப்போது வருஷத்தில் பாதி வெளிநாட்டில். நல்ல வேளை, கொழும்பில் இருந்தான்.

"மச்சான், அந்த ஸ்பூல் எங்கடா?" என்றேன். கொழும்பில் பதிந்த மூல நாடா. அதில் என் குரல் கிடையாது. அதிலிருந்துதான் எடுத்திருப்பார்கள் என்று நம்பித்தான் பெட்டிக்குக் காத்துக் கிடந்தேன்.

"தோட்டத்து வீட்டுலதான் கெடந்துச்சு. பூஞ்சணம் புடிச்சு ஒட்டிப்போச்சு. கம்பனிக்காரங்க கொண்டுபோய்ப் பாத்துட்டு ஒண்ணும் செய்ய ஏலாதுன்னுட்டாங்க." பிறகு, "கவலப்படாத. அவங்க ஒண்ணு சொல்றாங்க. இப்ப நல்லாப் பாடுற பொண்ணுங்க இருக்காங்க. அந்த நாலு வரிய ஒருத்திய வச்சுப் பாட வச்சு, அடுத்த பதிப்புல சேத்துருவோம்" என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் பெரிய பாடகன், மேடையில் சால்வை போர்த்துகிறார்கள், அதெல்லாம் ஞாபகம் வரவில்லை. பாதியில் போனை வெட்டினேன். பத்து நிமிஷத்தில் அவனே திருப்பி எடுத்தான்.

"ஏச்சு முடிஞ்சிச்சா? கேளு. நீ வெளம்பரம் போடுறதுக்கு முன்னுக்கு அஞ்சு கெசட் அடிச்சியே, நம்ம ஆளுங்களுக்குன்னு. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. தாய்க் கெசட்டைத் தயாரிக்கும் முன்பு ஸ்பூலிலிருந்து நேராக ஐந்து சுத்தமான பிரதிகள் எடுத்தேன். ஒன்று அவனுக்கு. அது வீடு மாறியபோது தொலைந்தது. ஒன்று சர்ப்பினா வாசித்தவருக்கு, ஒன்று தபேலாக்காரருக்கு. இருவருமே இறந்துவிட்டார்கள். பிள்ளைகள் கனடாவில். பழைய கெசட்டை யார் கட்டிக்கொண்டு போயிருக்கப் போகிறார்கள். நாலாவது எங்கள் வீட்டுக்கு. அதற்கு என்ன ஆயிற்றென்றால், ஒரு நாள் கைக்கு வெற்றுக் கெசட் அகப்படவில்லை என்று அதில் நான் வானொலியில் போன கிரிக்கெட் வர்ணனையைப் பதிந்தேன். யார் ஆடினார்கள், யார் வென்றார்கள், ஒன்றும் நினைவில்லை. இதை எழுதும்போது என் கையை வெட்டினால் என்ன என்று தோன்றுகிறது.

"அஞ்சாவது?" என்றேன்.

"எங்க பெரியம்மாவுக்கு. அவங்க லயத்து வீட்டுலதானே நாம ஒத்திக பாத்தது. பெரியம்மா போய்ச் சேந்து பல வருஷம். ஆனா அவங்க மக மடுல்கெல்லயிலதான் இருக்கா. போய்ப் பாரு."

அந்த வாரமே போயிருப்பேன். செவ்வாய்க்கிழமை கிளினிக் இருந்தது. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் எங்களை உட்காரச் சொன்னார். நிற்கிற ஆளை டாக்டர் உட்காரச் சொன்னால் நல்ல செய்தி இல்லை என்று எங்களுக்குப் பழக்கத்தில் தெரியும். கட்டி மறுபடி வந்திருந்தது, இந்தத் தடவை கீழே, கத்தி வைக்க முடியாத இடத்தில். வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எத்தனை மாதம் என்று நான் கேட்க வாயெடுத்தேன். என் மனைவி என் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள். பஸ்ஸில் கொப்பியை எடுத்து, 'மகள்கிட்ட நான் சொல்றேன். நீங்க சொன்னா அழுதுருவீங்க' என்று எழுதினாள். அதைப் படித்ததும் அழுதுவிட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த சிங்கள அம்மாள் ஒன்றும் கேட்காமல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டார்.

வியாழக்கிழமை, ஆஸ்பத்திரி விஷயமாகப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு மடுல்கெல்லவுக்குப் புறப்பட்டேன். கடையை மூடியபோது மிஞ்சிய பழைய கெசட் பிளேயர் ஒன்று வீட்டில் இருந்தது. பெல்ட் போய், ரப்பர் பட்டியில் ஓடுகிறது. அதையும் ஆறு பெற்றரியையும் சந்தைப் பையில் போட்டுக்கொண்டேன். வத்தேகமவில் பஸ் மாறி, பன்விலையில் மறுபடி மாறி, போய்ச் சேர பதினொரு மணியாயிற்று. தூறலில் மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது. எனக்கு என்ன, இரண்டு வழியாலும் மூச்சு விடுகிறவன் என்று என்னையே ஏசிக்கொண்டு ஏறினேன்.

பெரியம்மாவின் மகளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஒத்திகை நாட்களில் எங்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தவர். பிறகு பதினொரு வருஷம் குவைத்தில் வீட்டுவேலை செய்துவிட்டு வந்து, லயத்துக்கு மேலே சின்னதாக ஒரு கல்வீடு கட்டியிருக்கிறார். "வாங்க அண்ணே, உள்ளுக்கு வாங்க. நனைஞ்சிட்டீங்களே" என்று துவாயைக் கொடுத்தார். நான் தலையைத் துடைக்கக்கூட இல்லை. வந்த விஷயத்தைச் சொன்னேன். கெசட் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குங்க" என்றார். அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்தார். மேலே என் கையெழுத்து. நீல மையில் பாட்டுக்காரனின் பெயர். நான் கெசட்டைத் திருப்பி மேல் விளிம்பைப் பார்த்தேன். பதிந்ததை யாரும் அழித்துவிடக்கூடாது என்று அந்த விளிம்பில் இருக்கிற இரண்டு சின்னத் தகடுகளையும் நாங்கள் உடைத்துவிடுவோம். உடைத்த ஓட்டை இருந்தால் அதில் மறுபடி பதிய முடியாது. அந்த ஓட்டைகளில் கடதாசியைச் சுருட்டி அடைத்திருந்தது. அடைத்தால் பதியலாம். மலையில் இதைத் தெரியாத வீடு இல்லை.

"அண்ணே, இதுல இப்ப பாட்டு இல்லீங்க" என்றார். "எங்கம்மா பேசுனதுதான் இருக்கு. நான் குவைத்துல இருந்தப்ப, லீவுல வந்துட்டுத் திரும்புன ஒரு புள்ளகிட்ட குடுத்து அனுப்புனாங்க. அம்மாவுக்கு எழுதத் தெரியாதுங்களே."

எனக்கு நினைவிருந்தது. அப்போது தோட்டத்திலிருந்து வெளிநாடு போன பெண்களுக்குக் கெசட்டில் பேசித்தான் அனுப்புவார்கள். நானே கடையில் எத்தனையோ பேருக்குப் பதிந்து கொடுத்திருக்கிறேன்.

"ஒரு பக்கம் முழுக்கப் பேசியிருக்காங்களா, தங்கச்சி?"

"தெரியாதுங்க. அம்மா வைக்கிறேன்னு சொன்னதும் நிப்பாட்டிருவேன். அதுக்கு மேல கேட்டதில்ல."

எனக்கு உயிர் வந்தது. கணக்குப் போட்டேன். முதல் இரண்டு பாட்டும் பத்து நிமிஷம். மூன்றாவது பாட்டில் அவளுடைய சரணம் தொடங்க இன்னும் இரண்டு நிமிஷம். பெரியம்மா பன்னிரண்டு நிமிஷத்துக்குள் பேச்சை முடித்திருந்தால் அதற்குப் பிறகு இருப்பதெல்லாம் பழைய பதிவுதான். பிளேயரை மேசையில் வைத்து, கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன்.

பெரியம்மா பேச ஆரம்பித்தார். நல்ல கணீரென்ற குரல். "மகளே, நான் அம்மா பேசுறேன். கேக்குதா?" மழை சரியில்லை என்றார். மாடு கன்று போட்டதைச் சொன்னார். தம்பிக்குக் காய்ச்சல் வந்து போனதை, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தை, கல்யாணத்தில் யார் யார் வரவில்லை என்பதை, வராததற்கு அவர்கள் சொன்ன காரணத்தை. அந்தத் தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் கூடவே உதட்டால் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை தரம் கேட்டிருப்பார். நானோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு நிமிஷம். ஒன்பது. இறந்துபோன ஒரு தாய் மகளிடம் பேசுகிறாள், அதை அவள் சீக்கிரம் முடித்துத் தொலைக்க வேண்டும் என்று நான் மாதாவை வேண்டிக்கொண்டிருந்தேன். அப்படிக் கேவலமாக நான் வேறெதையும் வேண்டியதில்லை. பத்து. "நீ நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ண வையி." பதினொன்று. "அந்த வீட்டு நோனா நல்லவங்களா?" பன்னிரண்டு தாண்டியது. நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

"சரி மகளே, பெற்றரி போயிரும். வைக்கிறேன்."

தங்கச்சியின் கை பழக்கத்தில் பொத்தானுக்குப் போனது. "இருங்க" என்று அந்தக் கையைப் பிடித்தேன். டக்கென்று ஒரு சத்தம். பிறகு கிட்டார்.

"...நல்லாத்தான் இருக்கேன்னு."

அவ்வளவுதான். சரணத்தின் கடைசி வரியில் கடைசி இரண்டு சொல். 'கேட்டால் சொல்லு, நான் நல்லாத்தான் இருக்கேன்னு' என்று அந்தப் பெண் பஸ்ஸிடம் சொல்லி அனுப்புவாள். அதன் வால் மட்டும் மிஞ்சியிருந்தது. உடனே சர்ப்பினா வந்தது, பாட்டுக்காரன் வந்தான். ஆனால் அது அவள்தான். இருபத்திரண்டு வயது. 'இருக்கேன்னு' என்பதில் கடைசி எழுத்தை மேலே கொண்டுபோய் மெதுவாக இறக்குகிறாள். அந்தக் குரல்தான் என்னை இத்தனை வருஷமாகச் சாப்பிடக் கூப்பிட்டது. எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. நான் அந்த வீட்டில் வாய்விட்டு அழுதேன். தங்கச்சியும் அழுதார், அவர் வேறு காரணத்துக்கு.

சுற்றிச் சுற்றி நாலு தரம் போட்டு, போனில் பதிந்துகொண்டேன். ஒவ்வொரு தரமும் பெரியம்மா 'வைக்கிறேன்' சொல்ல வேண்டியிருந்தது. புறப்படும்போது தங்கச்சி கெசட்டைக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் நீட்டினார். "கொண்டு போங்க அண்ணே. அக்காவுக்குக் காட்டுங்க." எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனாலும் வேண்டாம் என்றேன். ஒரு குரலுக்கு மேல் இன்னொரு குரலைப் போட்டுப் பட்டது போதும்.

வீட்டுக்கு வர நாலு மணி. மகள் இன்னும் வேலையால் வரவில்லை. என் மனைவி வாசல் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் சப்பாத்தில் இருந்த தோட்டத்துச் செம்மண்ணைப் பார்த்தாள். பேராதனைக்குப் போனவன் காலில் அந்த மண் ஒட்டாது. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து போனை அவள் காதில் வைத்தேன்.

கேட்டாள். விரலால் இன்னொரு தரம் என்று காட்டினாள். பிறகு இன்னொரு தரம். ஐந்தாவது தரம் அவள் உதடும் அந்த இரண்டு சொல்லைச் சொன்னது. கழுத்துத் துணி மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்க முடியாமல் கீரையைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கம்பனிக்காரன் சொன்னதை, ஸ்பூல் போனதை, கிரிக்கெட் வர்ணனையை, எல்லாவற்றையும். "நாந்தான் கெடுத்தேன். உன் குரல இல்லாம ஆக்குனது நாந்தான். மன்னிச்சிரு" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை அவளிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் கொப்பியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுத நேரமெடுத்தாள். திருப்பிக் காட்டினாள்.

'நான் சரியாப் பாடல, அதான் மூடி மறைச்சீங்கன்னு நினைச்சேன்.'

நான் அதை மூன்று தரம் படித்தேன். முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, பாடற்குழு, தாலாட்டு, கோயிலில் எல்லாரும் பாடும்போது அவள் மட்டும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது, எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன.

"ஐயோ, இல்லம்மா" என்றேன். "வெட்டுனா பாட்டே செத்துப்போற எடமாப் பாத்துத்தான் வெளம்பரத்தப் போடணும். அதான் எங்க தொழில். மூணு நாள் உக்காந்து கேட்டேன். ரெண்டு பக்கமும் கேட்டேன். ஒன் சரணத்த விட நல்ல எடம் அந்தக் கெசட்லயே இல்ல. அதனாலதான் அங்க போட்டேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலில் எழுதியதற்குக் கீழே எழுதினாள்.

'அத அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் பாடுறத நிப்பாட்டியிருக்க மாட்டேனே.'